முந்நூற்று அறுபத்தைந்தாவது நாள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1988இல் ஓர் இளம்பெண் இன்னொரு பெண்ணின் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். ஓர் ஆணை முன்னிட்டு வந்த சண்டை. நம் ஊர்க் காவல் நிலையமாக இருந்தால் இருவரையும் உட்கார வைத்துத் திட்டி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார்கள். அங்கே வழக்கு நீதிமன்றம் வரை போனது. அந்தப் பெண் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓராண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது, ஆனால் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அதாவது, ஒழுங்காக இருந்தால் சிறைக்குப் போக வேண்டாம். அவரும் அத்தோடு அதை மறந்துவிட்டார்.

அவர் பிறந்தது ஜெர்மனியில். சிறு குழந்தையாக இருந்தபோதே அமெரிக்கத் தம்பதியர் தத்தெடுத்துக் கொண்டுவந்து வளர்த்தார்கள். 1999இல், இவ்வளவு காலம் கழித்தாவது முறைப்படி குடியுரிமை வாங்கிவிடலாம் என்று விண்ணப்பித்தார். பதிலுக்கு வந்தது நாடுகடத்தல் நோட்டீஸ். தலைமுடி இழுத்த அந்த வழக்கை வைத்து, அவர் ‘அக்ரவேட்டட் ஃபெலனி’ செய்தவர், அதாவது கொடும் பெருங்குற்றவாளி என்றது அரசு. பத்திரிகைகளில் விஷயம் வெடித்த பிறகு, 2000இல் ஜார்ஜியாவின் மன்னிப்பு வாரியம் அவருக்கு மன்னிப்பு வழங்கியது. அதனால் தப்பித்தார்.

அவர் வெள்ளையர், தத்துப்பிள்ளை, நல்ல ஆங்கிலம் பேசுபவர். பத்திரிகைகள் அவருக்காக எழுதின. எல் சால்வடோரிலிருந்தோ ஹைட்டியிலிருந்தோ வந்து, ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டு அதே போன்ற ஒரு சண்டையில் மாட்டிக்கொண்டவருக்கு யார் எழுதியிருப்பார்கள் என்ற கேள்வியை இங்கே ஒருமுறை கேட்டு வைத்துவிட்டு, நான் சொல்ல வந்ததற்குப் போகிறேன். இந்த வழக்கில் அவரை மாட்டிவிட்டது தலைமுடி இல்லை. ‘ஓராண்டு’ என்கிற அந்த எண்.

அமெரிக்காவில் ஒருவரைத் தண்டிப்பது பெரும்பாலும் மாநில அரசு. திருட்டு, அடிதடி, போலிக் கையெழுத்து, கஞ்சா எல்லாம் மாநிலச் சட்டங்களில் இருக்கின்றன. எந்தக் குற்றத்துக்கு எத்தனை நாள் சிறை என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றமே எழுதுகிறது. நாடு கடத்துவதோ வாஷிங்டனில் இருக்கும் ஒன்றிய அரசு. ஆனால் யாரை நாடு கடத்துவது என்று முடிவு செய்ய அந்த ஒன்றிய அரசு பார்ப்பது மாநிலம் எழுதிய எண்களை. இரண்டு அரசுகள், இரண்டு சட்டப் புத்தகங்கள், நடுவில் ஒரு மனிதர். நம்மில் மாநில உரிமை பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

‘அக்ரவேட்டட் ஃபெலனி’ என்ற சொல் குடியேற்றச் சட்டத்துக்குள் நுழைந்தது 1988இல், போதைப்பொருள் ஒழிப்புச் சட்டத்தின் வழியாக. அப்போது அதில் இருந்தவை கொலை, போதைப்பொருள் கடத்தல், ஆயுதக் கடத்தல். கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டிருக்கும். பிறகு பட்டியல் நீண்டுகொண்டே போனது. 1995இல் ஓக்லஹோமா நகரில் அரசுக் கட்டடத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். வைத்தவர் அமெரிக்காவிலேயே பிறந்த வெள்ளைக்கார முன்னாள் ராணுவ வீரர். அதற்குப் பதிலடி என்று 1996 ஏப்ரலில் ஒரு பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம் வந்தது. அதன் அடி குடியேறியவர்களின் முதுகிலும் விழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு குடியேற்றச் சட்டம். இரண்டிலும் கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சியின் பில் கிளிண்டன். ட்ரம்ப் வந்துதான் எல்லாம் கெட்டுப்போனது என்று நினைக்கிற நண்பர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1996க்கு முன்பு, திருட்டும் வன்முறைக் குற்றமும் இந்தப் பட்டியலில் சேர வேண்டுமென்றால் ஐந்தாண்டுத் தண்டனை இருக்க வேண்டும். 1996இல் அதை ஓராண்டாகக் குறைத்தார்கள். நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் தண்டனைதான், ஒரு நாள்கூடச் சிறையில் இருக்காவிட்டாலும் தீர்ப்பில் எழுதிய எண்ணே கணக்கு என்றும் எழுதினார்கள். அதோடு நிற்காமல், பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்றார்கள். 1988இல் தலைமுடி இழுத்தவர் 1999இல் பெருங்குற்றவாளி ஆனது இப்படித்தான். மாநிலச் சட்டத்தின்படி ‘மிஸ்டிமீனர்’, அதாவது சிறு குற்றமாக இருப்பது, ஒன்றியச் சட்டத்தில் ‘ஃபெலனி’, அதாவது பெருங்குற்றம் ஆகிவிடுகிறது. அதில் கொடுமையும் இல்லை, பெருங்குற்றமும் இல்லை. பெயரில் மட்டும் இரண்டும் இருக்கின்றன.

இந்த முத்திரை ஒருவர் மேல் விழுந்துவிட்டால் என்ன ஆகும்? கிரீன் கார்டு வைத்திருந்தாலும் பயனில்லை. தடுப்புக் காவல் கட்டாயம். அடைக்கலம் கேட்க முடியாது. குடியேற்ற நீதிபதி ‘இவருக்கு முப்பது ஆண்டாக இங்கே வீடு, பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், ஒருமுறை மன்னிக்கலாம்’ என்று நினைத்தாலும் அதற்கான வழி சட்டத்தில் அடைபட்டிருக்கிறது. வெளியேற்றப்பட்ட பிறகு அனுமதியில்லாமல் திரும்பி வந்தால் இருபது ஆண்டு வரை சிறை.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ‘ஒழுக்கக்கேடான குற்றம்’ என்று ஒரு வகை. எது ஒழுக்கக்கேடு என்று சட்டம் விளக்கவே இல்லை. நூறாண்டுக்கும் மேலாக நீதிமன்றங்கள்தான் வழக்குக்கு வழக்கு சொல்லிக்கொண்டிருக்கின்றன. கடையில் பொருள் திருடுவது பொதுவாக அதில் வரும். நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட ஐந்தாண்டுக்குள் அப்படி ஒரு குற்றம் செய்து, அதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை ‘விதிக்க முடியும்’ என்றால் நாடு கடத்தலாம். கவனியுங்கள், இங்கே விதித்த தண்டனை கணக்கே இல்லை. விதிக்க முடிகிற உச்சம்தான் கணக்கு. நீதிபதி ஐம்பது டாலர் அபராதம் போட்டு அனுப்பியிருக்கலாம். மாநிலச் சட்டப் புத்தகத்தில் அந்தக் குற்றத்துக்கு நேரே ‘ஓராண்டு வரை’ என்று அச்சாகி இருந்தால் போதும்.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சிறு குற்றத்துக்கான உச்சத் தண்டனை வழக்கமாக ஓராண்டு. அந்த எண்ணை எழுதியவர்கள் குடியேற்றத்தை நினைத்து எழுதியவர்கள் அல்ல. ஒரு வட்ட எண், எழுத வசதியாக இருந்தது, அவ்வளவுதான். 1996க்குப் பிறகு அந்த வட்ட எண் தூக்குக்கயிற்றின் வட்டமாகிவிட்டது.

இதற்கு வாஷிங்டன் மாநிலம் கண்டுபிடித்த பதில் எனக்கு மிகவும் பிடித்தது. தலைநகர் வாஷிங்டன் அல்ல, சியாட்டில் இருக்கும் மேற்குக் கரை மாநிலம். 2011இல் அதன் சட்டமன்றம் சிறு குற்றத்துக்கான உச்சத் தண்டனையை 365 நாளிலிருந்து 364 நாளாக மாற்றியது. ஒரே ஒரு நாள். ஏன் மாற்றுகிறோம் என்பதை அந்தச் சட்டத்திலேயே எழுதியும் வைத்தார்கள். அவர்கள் மாநிலத்தில் சில பெருங்குற்றங்களுக்கே தண்டனை அட்டவணைப்படி ஓராண்டுக்குக் குறைவாகத்தான் தர முடியும். ஆக, பெரிய குற்றம் செய்தவருக்கு நாடுகடத்தல் ஆபத்து குறைவு, அல்லது குடியேற்ற நீதிமன்றத்தில் தன் கதையைச் சொல்ல ஒரு வாய்ப்பாவது உண்டு. சின்னக் குற்றத்தில் 365 நாள் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை வாங்கியவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. இந்தத் தலைகீழ் நியாயத்தைச் சரிசெய்கிறோம் என்றார்கள்.

2013இல் நெவாடா அதே வழியில் போனது. 2015இல் கலிஃபோர்னியாவில் நடைமுறைக்கு வந்தது. 2017இல் ஓரிகன். 2019இல் நியூயார்க், கொலராடோ, யூட்டா. இதில் யூட்டா குடியரசுக் கட்சியின் கோட்டை என்பதைச் சொல்லியாக வேண்டும். மார்மன் சபையின் பிடி இறுகிய, பழமைவாதம் ஊறிய மாநிலம். அங்கேயும் சட்டமன்றத்தில் இது நிறைவேறியது. 2023இல் மினசோட்டா. இவற்றில் நியூயார்க்கும் மினசோட்டாவும் கலிஃபோர்னியாவும் பழைய தீர்ப்புகளுக்கும் சேர்த்தே எண்ணை மாற்றின.

நியூயார்க் நகரில் சுரங்க ரயில் வாசலில் டிக்கெட் இல்லாமல் தாண்டிக் குதிப்பதற்குப் போடப்படும் ‘சேவைத் திருட்டு’ வழக்கு ‘ஏ வகுப்பு’ சிறு குற்றம். 2019 வரை அதன் உச்சத் தண்டனை ஓராண்டு. யாரும் ரயில் டிக்கெட்டுக்காக ஓராண்டு உள்ளே இருந்ததில்லை. ஆனால் சட்டப் புத்தகத்தில் அந்த ஓராண்டு இருந்தது. அந்த வாசலில் பிடிபடுகிறவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், ஏழைகள். வால் ஸ்ட்ரீட்காரர் யாரும் தாண்டிக் குதிப்பதில்லை. அவர் திருடுகிற விதம் வேறு.

இங்கேதான் ‘குற்றம் செய்தவனை அனுப்பினால் என்ன தப்பு’ என்று கேட்கிறவர்களுக்கு நான் நிதானமாகப் பதில் சொல்ல நினைக்கிறேன். குற்றப் பட்டியல் என்பது குற்றங்களின் பட்டியல் மட்டுமல்ல, போலீஸ் எந்தத் தெருவில் நிற்கிறது என்பதன் பட்டியலும்கூட. அமெரிக்காவில் குடியுரிமை இல்லாதவர்களில் கறுப்பர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பேர். குற்ற வழக்கைக் காட்டி நாடுகடத்தல் வழக்கு போடப்பட்டவர்களில் அவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு இருபது என்று கறுப்பினக் குடியேறிகளுக்காக இயங்கும் அமைப்பின் ஆய்வு காட்டியது. மெக்சிகோக்காரரைவிட ஜமைக்காக்காரர் அதிகம் குற்றம் செய்கிறார் என்பது அதற்குப் பொருளல்ல. கறுப்பராக இருப்பதால் முதலில் போலீஸ் நிறுத்துகிறது, குடியேறியவராக இருப்பதால் பிறகு நாடு துரத்துகிறது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். மூன்று வயதில் ஜமைக்காவிலிருந்து பெற்றோரோடு வந்தவர். 2007இல் ஜார்ஜியாவில் போலீஸ் காரை நிறுத்திச் சோதித்ததில் 1.3 கிராம் கஞ்சா. இரண்டு மூன்று பீடி சுற்றலாம். மாநில நீதிமன்றம், முதல் குற்றம் என்பதால் சிறையே வேண்டாம், ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு போதும் என்றது. ஒன்றிய அரசு அதை வைத்து அவரை அக்ரவேட்டட் ஃபெலன் என்றது. உச்ச நீதிமன்றம் வரை போய், 2013இல்தான் அந்த முத்திரை விழுந்தது செல்லாது என்று ஆனது. அதற்கு மூன்றாண்டு முன்பு டெக்சாஸிலிருந்து வந்த வழக்கு இன்னும் கேவலம். கையிலிருந்தது மருத்துவர் சீட்டு இல்லாத ஒரே ஒரு பதற்ற மாத்திரை. தண்டனை பத்து நாள். அதற்கும் ‘அக்ரவேட்டட் ஃபெலனி’ என்று அரசு வழக்கறிஞர்கள் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார்கள். ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போக முடிந்ததால் இவை நமக்குத் தெரிகின்றன.

மற்றவர்கள் எங்கே முடிந்துபோகிறார்கள்? கீழ் நீதிமன்ற வராந்தாவில். அமெரிக்க மாநில நீதிமன்றங்களில் கிடைக்கும் தண்டனைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு, விசாரணை நடந்து வந்தவை அல்ல. குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரம் பேசியதால் வந்தவை. உச்ச நீதிமன்றமே 2012இல் சொன்ன கணக்கு இது. படங்களில் பார்க்கிற ஜூரி, குறுக்கு விசாரணை எல்லாம் மீதி ஆறு பேருக்கு. மாதச் சம்பளம் போய்விடும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஆளில்லை, ஜாமீனுக்குப் பணமில்லை. ‘ஒப்புக்கொள், ஓராண்டு நிறுத்திவைத்த தண்டனை, இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்’ என்கிறார்கள். குடிமகனாக இருந்தால் அது உண்மையிலேயே நல்ல பேரம். குடிமகன் அல்லாதவருக்கு அதே காகிதம், அதே கையெழுத்து, வாழ்நாள் முழுக்க நாடு இல்லை.

ஒரே செயல். செய்தவர் எங்கே பிறந்தார் என்பதைப் பொறுத்து ஒருவருக்கு அபராதம், இன்னொருவருக்கு நாடு நீக்கம். ஒரே குற்றத்துக்குப் பிறப்பைப் பார்த்துத் தண்டனை எழுதிய நூல் எதுவென்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அமெரிக்கக் குடியேற்றச் சட்டமும் மநுதர்மமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. குடியுரிமையைச் சிலர் பின்னாலும் வாங்கிவிடலாம், வர்ணத்தை அப்படி வாங்க முடியாது. ஆனால் ‘நீ என்ன செய்தாய்’ என்ற கேள்வியை ‘நீ யாருக்கு, எங்கே பிறந்தாய்’ என்ற கேள்வி விழுங்கிவிடும்போது என்ன நடக்கும் என்பதை நம்மைவிட யார் அறிவார்?

இது தண்டனையே அல்ல என்பதுதான் சட்டத்தின் வாதம். 1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மூன்று சீனத் தொழிலாளர்களின் வழக்கில் அப்படிச் சொன்னது. முந்தைய ஆண்டு வந்த சட்டப்படி சீனத் தொழிலாளர்கள் எல்லோரும் குடியிருப்புச் சான்று வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால், தான் ஏற்கெனவே இங்கே வாழ்ந்தவன் என்பதற்கு நம்பத்தக்க வெள்ளைக்காரர் ஒருவரைச் சாட்சியாகக் கூட்டிவர வேண்டும். வெள்ளைக்கார சாட்சி! ஒருவருக்குச் சீனச் சாட்சி இருந்தார், வெள்ளைச் சாட்சி இல்லை. நாடுகடத்தல் குற்றத்துக்கான தண்டனை அல்ல, ஆகவே குற்றவாளிக்கு உள்ள பாதுகாப்புகள் இதில் கிடையாது என்று தீர்ப்பு வந்தது. 130 ஆண்டு கழிந்தும் அந்த அடிப்படை மாறவில்லை. அதனால்தான் இன்றும் குடியேற்ற நீதிமன்றத்தில் ஏழைக்கு அரசு செலவில் வழக்கறிஞர் கிடையாது. பிள்ளைகள்கூடத் தனியாக நீதிபதி முன் நிற்கிறார்கள்.

முன்பு ஒரு வாசல் இருந்தது. 1917 சட்டத்தின்படி, தண்டனை வழங்கும் நீதிபதியே ‘இவரை நாடு கடத்த வேண்டாம்’ என்று பரிந்துரைக்கலாம். அது அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும். வழக்கை நேரில் பார்த்தவர், ஆளை அறிந்தவர் அவர்தானே. 1990இல் அந்த வாசலை மூடிவிட்டார்கள். மூடிய பின்பு மிஞ்சியது எண்ணைத் திருத்துகிற இந்த வித்தை மட்டும்.

வித்தை என்று ஏன் சொல்கிறேன் என்றால், இதன் எல்லைகளை மறைக்க நான் விரும்பவில்லை. 364 நாள் சட்டம் போதைப்பொருள் வழக்குகளில் பெரும்பாலும் உதவாது. முப்பது கிராமுக்கு உட்பட்ட கஞ்சாவைச் சொந்த உபயோகத்துக்கு ஒரே ஒருமுறை வைத்திருந்ததைத் தவிர, மற்ற போதைப்பொருள் தீர்ப்புகளுக்கு எண் பார்க்காமலே நாடு கடத்தலாம். தனித்தனியாக இரண்டு ‘ஒழுக்கக்கேடான’ குற்றங்கள் இருந்தாலும் அப்படித்தான். ஒன்றிய அரசும் சும்மா இருக்கவில்லை. கலிஃபோர்னியா பழைய தீர்ப்புகளையும் 364 ஆக்கியபோது, ‘நீ இப்போது என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள், குற்றம் தீர்ப்பான அன்றைக்கு உன் புத்தகத்தில் என்ன இருந்ததோ அதுதான் எங்களுக்குக் கணக்கு’ என்ற நிலையைக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் எடுத்தது. 2021இல் மேற்குக் கரைக்கான ஒன்றிய முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்த வழக்கின் மனிதர் போலி ஆவணம் வைத்திருந்ததற்காகச் சில நாள் சிறையில் இருந்தவர். மாநிலத்தின் கணக்கில் அவருடைய உச்சத் தண்டனை 364. ஒன்றியத்தின் கணக்கில் 365. இதற்கிடையில் 2019இல் அன்றைய அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார் இன்னொரு கதவைச் சாத்தினார். மாநில நீதிபதி ஒருவர் பழைய தண்டனையைக் குறைத்தாலும், முதல் வழக்கில் சட்டப்படி ஏதாவது குறை இருந்ததால் குறைத்திருந்தால்தான் செல்லும். நாடுகடத்தலிலிருந்து காப்பாற்றுவதற்காகக் குறைத்தால் செல்லாது. மாநிலத்தின் தண்டனை அதிகாரத்தை, துரத்துவதற்கு மட்டும் மதிப்பார்கள். காப்பதற்கு மதிக்க மாட்டார்கள்.

2025 ஜனவரியில் வந்த லேக்கன் ரைலி சட்டம் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. உரிய அனுமதியின்றி இருப்பவர் கடைத் திருட்டுக்காகக் கைது செய்யப்பட்டாலே போதும், குடியேற்றத் தடுப்புக் காவல் கட்டாயம். தீர்ப்பு வேண்டாம், தண்டனை வேண்டாம். 364ஆ 365ஆ என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. போலீஸ்காரர் எழுதும் கைதுத் தாள் போதும்.

‘அப்படியானால் இந்த ஒரு நாள் சட்டம் வீண்தானே?’ என்று என்னிடம் ஒரு தோழர் கேட்டார். இல்லை. சட்டம் மாறிய பிறகு அந்த மாநிலங்களில் சிறு குற்றத்தில் மாட்டுகிறவர் ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு நாள் வேலை செய்கிறது. கீழ் நீதிமன்றத்தில் யாரும் கவனிக்காமலே, எந்த வழக்கறிஞரும் நினைவு வைத்துக் கேட்காமலே, தானாக வேலை செய்கிறது. ஏழைக்கு உதவும் சட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும். விண்ணப்பம் போட்டு, ஆதாரம் காட்டி, கெஞ்சிப் பெறும் சலுகையாக இருந்தால் அது ஏழைக்குப் போய்ச் சேராது. யாருடைய தண்டனையையும் இது உண்மையில் குறைக்கவும் இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் குறைந்துவிட்டதா? ஒரு நாள் குறைந்திருக்கிறது.

எனக்கு இதில் உறுத்துவது வேறு ஒன்று. ஒபாமா 2014இல் தன் குடியேற்றக் கொள்கையை அறிவித்தபோது, குடும்பங்களை அல்ல, குற்றவாளிகளைத்தான் அனுப்புவோம் என்றார். முற்போக்காளர்கள் கைதட்டினார்கள். குற்றவாளிக்குக் குடும்பம் இருக்காதா என்று அன்றைக்குக் கேட்டவர்கள் மிகச் சிலர். நல்ல குடியேறி, கெட்ட குடியேறி என்று கோடு போட்டுக் கொடுத்தது தாராளவாதிகளே. பின்னால் வந்தவர்கள் அந்தக் கோட்டை நகர்த்திக்கொண்டே போனார்கள், அவ்வளவுதான்.

நம் ஆட்களும் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் தாங்கள் நிற்பதாக நம்புகிறார்கள். என் சித்தப்பா மகன் டல்லாஸ் பக்கம் கணினி வேலையில் இருக்கிறான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். போன வருடம் பேசும்போது, “அண்ணா, நீ சும்மா இதையெல்லாம் எழுதிக்கிட்டிருக்க. நாங்க வரிசையில நின்னு வந்தவங்க. வரி கட்டுறோம். எங்களை யாரு அனுப்பப் போறா?” என்றான். அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான். “வரிசையில நின்னுட்டுதானேடா இருக்க, எப்ப உள்ள போவ?” ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் கிரீன் கார்டு இல்லை என்ற உச்சவரம்பு இருப்பதால், வேலை வழியாக விண்ணப்பிக்கும் இந்தியர்கள் பத்தாண்டுக்கும் மேல் காத்திருக்கிறார்கள். அதுவரை விசா. அதற்குப் பிறகு கிரீன் கார்டு. குடியுரிமை அதற்கும் பிறகு. வாழ்வின் பாதியைக் குடிமகன் அல்லாதவராகக் கழிக்கிற கூட்டம் நம்முடையது. அந்த ஆண்டுகள் முழுவதும், பக்கத்து வீட்டுக்காரனோடு ஒரு தள்ளுமுள்ளு, கடையில் தானே ஸ்கேன் செய்யும் இயந்திரத்தில் விட்டுப்போன இரண்டு பொருள், கணவன் மனைவி சண்டையில் போலீசுக்குப் போன ஓர் அழைப்பு, எது வேண்டுமானாலும் அந்த எண்ணின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். 2025 ஜூலையில், அமெரிக்காவில் திருட்டு, தாக்குதல் போன்றவற்றில் சிக்கினால் விசா பறிபோகும் என்று இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகமே எச்சரிக்கை வெளியிட்டது. அது பாத்திரம் கழுவுகிறவருக்காக எழுதியதல்ல, என் தம்பிக்காக எழுதியது.

ஈழத்தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவிலும் இதே விளையாட்டு உண்டு. அங்கே குற்றச் சட்டம் மாகாணங்களிடம் இல்லை, ஒன்றிய அரசிடமே இருக்கிறது. அதனால் ஒரு மாகாணம் எண்ணை மாற்றிக் காப்பாற்ற வழியில்லை. முன்பு நிரந்தர வசிப்புரிமை உள்ளவர் இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால், நாடுகடத்தலை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை இழப்பார். 2013 மார்ச்சில் கனடாவின் உச்ச நீதிமன்றம் ஒருவரின் இரண்டாண்டுத் தண்டனையை ‘இரண்டாண்டுக்கு ஒரு நாள் குறைவு’ என்று திருத்தியது. தண்டிக்கும் நீதிபதி நாடுகடத்தல் விளைவையும் கணக்கில் எடுக்கலாம் என்றது. மூன்றே மாதத்தில், ஜூனில், ஸ்டீபன் ஹார்ப்பர் அரசு சட்டம் மாற்றி அந்த எல்லையை இரண்டாண்டிலிருந்து ஆறு மாதமாக இறக்கியது. நீதிமன்றம் ஒரு நாள் கொடுத்தது, நாடாளுமன்றம் பதினெட்டு மாதத்தை எடுத்துக்கொண்டது. ஸ்கார்பரோவில் நம் பையன்கள் சிலர் சின்ன வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து மாட்டிக்கொண்டு, போர் நடக்கும் நாட்டுக்கே திருப்பி அனுப்பப்படும் பயத்தில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த கதைகளை அங்கே உறவினர் உள்ளவர்கள் கேட்டிருப்பீர்கள்.

ஆக, நான் கேட்பது இரண்டு. முதலாவது சின்னது, நாளைக்கே நடக்கக் கூடியது. மீதி மாநிலங்களும் 365ஐ 364 ஆக்கட்டும். கலிஃபோர்னியா செய்ததுபோல, பேரம் பேசும்போது நாடுகடத்தல் விளைவை அரசு வழக்கறிஞரும் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்று எழுதட்டும். இரண்டாவது பெரியது. 1996ஐத் திரும்பப் பெற வேண்டும். நிறுத்திவைத்த தண்டனையைத் தண்டனையாக எண்ணுவதை நிறுத்த வேண்டும். 1990இல் மூடிய வாசலைத் திறந்து, ஆளைப் பார்த்த நீதிபதிக்கு அதிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதலாவது கிடைத்துவிட்டதென்று இரண்டாவதை மறப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது வரும்வரை முதலாவது வேண்டாம் என்று சொல்லும் தூய புரட்சியாளர்களோடும் உடன்பாடில்லை. அவர்கள் யாரும் தடுப்புக் காவலில் உட்கார்ந்திருக்கவில்லை.

டெக்சாஸில் ‘ஏ வகுப்பு’ சிறு குற்றத்துக்கு உச்சத் தண்டனை ஓராண்டு. ஜார்ஜியாவில் சிறு குற்றத்துக்குப் பன்னிரண்டு மாதம். டல்லாஸ், ஹூஸ்டன், அட்லாண்டா என்று நம் ஆட்கள் வீடு வாங்கிக் குடியேறுகிற ஊர்கள் இந்த இரண்டு மாநிலங்களிலும்தான் இருக்கின்றன. அங்கே உங்களுக்கு யாராவது இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள். கைதானால், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன்பு, ‘நான் குடிமகன் அல்ல’ என்று தன் வழக்கறிஞரிடம் முதலில் சொல்ல வேண்டும். அதன் விளைவை விளக்குவது வழக்கறிஞரின் கடமை என்று 2010இல் பாடிலா எதிர் கென்டக்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பைப் பெற்றவர் நாற்பதாண்டாக அமெரிக்காவில் வாழ்ந்த, வியட்நாம் போரில் அந்த நாட்டின் ராணுவத்தில் பணியாற்றிய லாரி ஓட்டுநர். இவ்வளவு காலம் இருந்துவிட்டீர்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று அவருடைய வழக்கறிஞர் சொல்லியிருந்தார். தண்டனை எத்தனை நாள் என்று கேட்பதோடு, அது தாளில் எத்தனை நாள் என்று எழுதப்படும் என்றும் கேட்கச் சொல்லுங்கள்.